வெறும் குளிசை அட்டைகள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சத்திரசிகிச்சைக் கூடத்தில் என்னோடு நின்ற தாதியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கத்தி பிடித்த கை ஒருநாளும் நடுங்கியதில்லை. வாய்தான் பலரை வெட்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் மறந்துவிட்டார்கள். ஒருவரிடம் சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

இதயத்துக்குச் செயற்கை வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க நாளும் ஒரு மாத்திரை, எங்கள் பேச்சில் குளிசை, போட வேண்டும். இரத்தம் கட்டிபட்டு வால்வை அடைத்துவிடாமல் காப்பது அதுதான். தீவுப்பகுதி ஆட்கள் அதை ஒழுங்காகப் போடுகிறார்களா என்பதே என் ஆராய்ச்சி. முறை சுலபம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கிளினிக்குக்கு வரும்போது குளிசை முடிந்த அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவேன். அட்டை வெறுமையென்றால் குளிசை போட்டாயிற்று. நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு எல்லாமே பட்டணத்தைவிடத் திறம். கொழும்பில் ஒரு கூட்டத்தில் அதை வாசித்தபோது கைதட்டினார்கள். பேராசிரியர் பதவிக்கும் அந்தக் கட்டுரை உதவியது. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

சோளகக் காற்றில் கடல் கொந்தளித்து எழுவைதீவுக்கு வள்ளம் ஓடாமல் கிடந்த ஓர் ஆடி மாதம். காற்றுத் தணிந்ததும், நான் வால்வு மாற்றிவிட்ட ஒரு பெண்ணை அங்கிருந்து மூச்சு இழுக்க இழுக்கக் கொண்டுவந்தார்கள். கணவர் கடற்றொழிலாளி. வால்வில் இரத்தம் கட்டிபட்டிருந்தது. மறுபடி நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தேன். கணவர் கொண்டுவந்த பையிலோ வெறும் அட்டைகள், கணக்குப் பிசகாமல்.

அந்தப் பெண் கட்டிலில் எழுந்து உட்காரத் தொடங்கிய நாளில் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லும். குளிசை போட்டனீரோ?"

"போட்டனான் ஐயா. பாதி பாதியா."

"ஏன் பாதி?"

"பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இந்த வால்வுதான். கொழும்பிலை செய்தது. வள்ளம் ஓடேல்லை, அவவின்ரை குளிசை முடிஞ்சு போச்சு. என்ரையைத்தான் ரெண்டு பேரும் பிரிச்சுப் போட்டனாங்கள்."

"உமக்கென்ன விசரே?"

"கேட்டு வந்த மனிசிக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமே ஐயா?"

நானும் தீவுப்பகுதிக் கரம்பொனில் பிறந்தவன்தான். வள்ளம் ஓடாமல் கடல் மூடினால் மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் வேலிக்கு மேலால் கைமாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. குளிசையும் அப்படிப் போகும் என்று மட்டும் தோன்றவில்லை. அட்டையை எண்ணினேனே தவிர, குளிசை யார் வாயில் போனது என்று கேட்கவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என் சுரைக்காய்க்கு நான் கைதட்டல் வேறு வாங்கியிருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"இனி ஒரே ஒரு குளிசை ஆருக்கும் குடுத்தீரெண்டால் இந்தப் பக்கம் வரவேண்டாம். நான் உம்மைத் தொடமாட்டன்."

வாட்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. அவர் குனிந்தபடி "ஓம் ஐயா" என்றார்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அந்த அக்காவைக் கூப்பிட்டு, கடல் மூடும் காலத்துக்கென்று கூடுதலாகக் குளிசை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நினைக்காமல் இல்லை, மேசை நாட்காட்டியில் குறித்தும் வைத்தேன். பிறகு ஆய்விதழுக்கு என் பிழையை எழுதுவதிலும், கட்டுரையைத் திருத்துவதிலும், எண்ணும் முறையை மாற்றுவதிலும் மாதங்கள் ஓடிவிட்டன. பிழையை ஒப்புக்கொண்ட நேர்மையான மனிதன் என்று அதற்கும் பாராட்டினார்கள். அந்த அக்கா என் நோயாளி இல்லை, என் பட்டியலிலும் இல்லை.

மார்கழியில் வாடைக்காற்று பிடித்தது. வள்ளம் மறுபடி நின்றது. தை மாதக் கிளினிக்குக்கு, நான் ஏசிய அந்தப் பெண் வந்தார். மூச்சு இளைப்பு இல்லை, இரத்தப் பரிசோதனை நான் விரும்பிய அளவில் இருந்தது, அட்டைகளும் சரி. "கெட்டிக்காரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்த அக்கா எப்பிடி இருக்கிறா?"

அவர் மேசையில் கிடந்த வெறும் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமை வாய் இழுத்துப் பேச்சு விழுந்திட்டுது ஐயா. அடுத்த நாள் உயிர் போயிட்டுது. கடலாலை கொண்டுவர ஏலாமல் போச்சு."

"குளிசை?"

"முடிஞ்சிட்டுது. என்னட்டை மூண்டு தரம் கேட்டு வந்தவ."

என்னைக் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கிளினிக்கில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரல்.

"நீங்கள் சொன்னபடி நான் குடுக்கேல்லை ஐயா."