முகத்துவாரத்தில் பிடித்த கை

மோகனா வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரத்துக்காரி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே பரீட்சைக்குப் படித்து, சுங்கத்துறையில் ஹவில்தார் ஆனாள். வேலை போட்ட இடம், பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம். சொந்த ஊரில் அந்த ஆற்றை மணலாகவே பார்த்து வளர்ந்தவள், ரோந்துப் படகில் ஏறிய முதல் நாள் வாந்தி எடுத்தாள். நீச்சல் கற்றது முப்பத்தொரு வயதில்.

ஒரு மார்கழிக் காலையில் பனிக்குள்ளிருந்து ஃபைபர் படகு ஒன்று வந்தது. ரோந்துப் படகைக் கண்டதும் ஓட்டி வந்தவன் சட்டென்று திருப்பினான். மணல்திட்டில் அலை உடையும் இடத்தில் படகு கவிழ்ந்தது. மூட்டைகள் மிதந்தன, உள்ளே தடை செய்யப்பட்ட கடல் அட்டை. மற்றவர்கள் கொக்கி போட்டு மூட்டைகளை இழுத்தார்கள். மோகனா ஆளைத் தேடினாள். ஒரு கை மட்டும் மேலே வந்து, மறுபடி அமிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட்டோடு குதித்து அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

படகில் ஏற்றியதும் அவன் இருமிக்கொண்டே, "என்னை எதுக்குக்கா தூக்குனே? ஜெயில்ல போடவா?" என்றான்.

"மொதல்ல மூச்சு உடு. அப்புறம் பேஜார் பண்ணு."

அவன் பெயர் ஆதிகேசவன். கோர்ட்டில் மோகனா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். ஒன்றரை வருஷம் தண்டனை, வேலூர் ஜெயில்.

தீர்ப்பன்று கோர்ட் வாசலில் அவன் மனைவி சம்பூர்ணம், "வேலூருக்கு எப்டிக்கா போறது?" என்று மோகனாவிடம்தான் கேட்டாள். பக்கத்தில் நின்ற ஒரே பெண் அவள். மோகனா போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

"நீ புடிச்சவனோட வூட்டுக்காரி. நமக்கு இன்னாத்துக்கு?" என்றான் ஊரிலேயே தோல் கம்பெனி வேலையில் இருந்த மோகனாவின் கணவன் பெருமாள். ஆனாலும் சம்பூர்ணம் வந்த அன்று வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு முதலில் போய் நின்றது அவன்தான்.

ஜெயிலில் அவனைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்து சம்பூர்ணத்தை உள்ளே அனுப்பிவிட்டு, மோகனா வெளியே வேப்பமர நிழலில் காத்திருந்தாள். திரும்பி வந்த சம்பூர்ணம் சாப்பிட மறுத்தாள். லாங் பஜார் ஓட்டலில் பெருமாள் கேட்காமலே மூன்று இட்லி சொன்னான். பாதி சாப்பிட்டதும்தான் பேசினாள்.

"உங்க சாட்சியாலதான்க்கா அவரு உள்ள இருக்காரு."

"ஆமா."

"நீங்க இல்லன்னா ஆளே இல்ல." இட்லியை விரலால் பிட்டுக்கொண்டே இருந்தாள். "கோவப்படணும்னுதான் வந்தேன். வரல."

மோகனா சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

மாதம் ஒரு தடவை சம்பூர்ணம் வந்தாள். மோகனாவுக்கு லீவு கிடைக்காத மாதங்களில் பெருமாளே தோல் கம்பெனியில் பர்மிஷன் போட்டு அழைத்துப் போனான்.

ஆதிகேசவன் விடுதலையான அன்று மோகனா படகில் டூட்டியில் இருந்தாள். மத்தியானம் பெருமாள் போன் செய்தான்.

"ரெண்டு பேரையும் பஸ்ல ஏத்தி உட்டுட்டேன். சீட்டு கெடைச்சிடுச்சி. அவன் உன்னைக் கேட்டான்."

"இன்னா கேட்டான்?"

"அக்கா சாப்டாங்களான்னு."