மாடித் தொட்டியில் உப்பு

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நானும் கீழ்வீட்டு மாமியும் சேர்ந்து மண்தொட்டிகளில் தக்காளி, கத்தரி, கறிவேப்பிலை வளர்க்கிறோம். மாமி வீட்டிலேயே வீணை சொல்லிக்கொடுப்பவர். நான் பள்ளியில் உயிரியல் எடுப்பவள். போன கோடையில் செடிகள் ஒவ்வொன்றாகத் துவண்டன. மாமி இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார். மண் ஈரமாகவே இருந்தது. இலைகளோ தண்ணீரே காணாதவை போலத் தொங்கின.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா டீச்சர்? தாகம் அடங்கலை போலருக்கே," என்றார்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. கடலோரம் என்பதால் கோடையில் எங்கள் போர் தண்ணீர் உப்பாகிவிடும். வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மண்ணில் தங்கிச் சேர்ந்திருக்கிறது. வேருக்குள் இருப்பதைவிட வெளியே உப்பு மிகுந்தால் வேரால் நீரை இழுக்க முடியாது. உள்ளிருப்பதும் வெளியே போகும். சவ்வூடு பரவல் என்று வருடாவருடம் கரும்பலகையில் நான் வரைவது என் தொட்டியிலேயே நடக்கிறது. எனக்குக் கை பரபரத்தது.

மறுநாள் பள்ளியில் கேட்டு ஒரு நுண்ணோக்கியை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மாமி வீட்டு ஜன்னலோரம் வைத்தோம். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் அழகுச்செடி ஒன்று அவரிடம் உண்டு. அந்த ஊதாத் தோலை உரித்து, நல்ல தண்ணீரில் வைத்துக் காட்டினேன்.

"கட்டம் கட்டமா, ஒவ்வொண்ணுலயும் ஊதா மையை ரொப்பி வெச்ச மாதிரி இருக்கு," என்றார்.

தொட்டி மண்ணைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி அந்தத் தோலின்மேல் ஒரு சொட்டு விட்டேன். மாமி மறுபடி குனிந்து கண்ணை வைத்தார்.

"டீச்சர், ஊதா சுருங்கிண்டு வரது. சுவரை விட்டு விலகிடுத்து."

"உள்ள இருந்த தண்ணி வெளிய போகுது மாமி. நம்ம தக்காளி வேர்லயும் இதேதான்."

"அப்போ நான் விட விட…"

"உப்பையும் சேர்த்து விட்டிருக்கோம். இருங்க, அசையாதீங்க."

உப்பு நீரைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டேன். செல் செத்திருந்தால் பழையபடி விரியாது.

"விரியறது," என்றார் மாமி மெல்ல. "டீச்சர், விரியறது. மறுபடி சுவரைத் தொட்டுடுத்து."

அதன்பின் என்னைக் கிட்டவே விடவில்லை. வீணை வகுப்புக்கு வந்த பெண்களை வரிசையாக நிறுத்திக் காட்டி, விளக்கத்தையும் அவரே சொன்னார். அன்று வீணை உறையை விட்டு வெளியே வரவேயில்லை.

மாலையில் உப்பில்லாத லாரித் தண்ணீரைச் சுமந்து, அடித்துளை வழியே வழிந்தோடும்வரை ஒவ்வொரு தொட்டியிலும் ஊற்றினோம். கறிவேப்பிலை பிழைக்கவில்லை. தக்காளியும் கத்தரியும் சில நாளில் நிமிர்ந்தன. தக்காளி பூத்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். மாமி பொறுக்கமாட்டாமல் போன் செய்துவிட்டார். பிள்ளைகள் முன்னாலேயே வாய்விட்டுச் சிரித்தேன்.