பாலத்தின் மேல் ஆறு நிமிடம்

மிலோய்காவுக்காக யாரும் எதையும் தாமதப்படுத்தியதில்லை. அவள் வேலை பார்த்த தையல் தொழிற்சாலை சொன்ன தேதிக்கு முந்தியே மூடியது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போன கணவன் மூன்றே மாதத்தில் அங்கே இன்னொருத்தியோடு குடியேறிவிட்டான். ஐம்பத்திரண்டு வயதில், சாவா ஆற்றங்கரையிலுள்ள ஒரு சின்ன ஊரில், ரயில் நிலையத்து வாசலில் கிரெகோருடைய பெட்டிக்கடையில் பத்திரிகையும் சிகரெட்டும் விற்றுக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவளுக்காக அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாவே ஆறு நிமிடம் பின்தங்கியது என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால் நடந்தது அதுதான்.

காலையில் அவள் நேரம் பார்ப்பது மின் அடுப்பிலிருக்கும் கடிகாரத்தின் பச்சை எண்களில். காப்பி பொங்குகிறதா என்று பார்க்கிற கண் அப்படியே மணியையும் பார்த்துக்கொள்ளும். அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். ஜனவரியில் அந்தக் கடிகாரத்துக்குச் சோம்பல் பிடித்தது. நாளுக்குச் சில நொடிகள், யார் கவனித்தார்கள்? வழக்கமாகக் கடைக்குப் போகிற வழியில் ஆற்று நடைபாலத்தைத் தாண்டியபின் கேட்கும் சரக்கு ரயில் இப்போது பாதிப் பாலத்திலேயே கேட்டது. ஆற்றுப் பனி முழங்கால் வரை ஏறி நிற்க, நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியவில்லை. கனவில்தான் எல்லாம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அந்தப் பனிக்குள்ளிருந்து ராய்கோ வந்தார். கையில் ரொட்டிக்கான காலிப் பை. பதினோரு வருடமாக இருவரும் அதே பாலத்தை அதே திசையில்தான் கடந்திருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே. அவள் போய்ச் சில நிமிடம் கழித்துத்தான் அவர் வருவார். அவர் கையில் கட்டியிருந்தது பேட்டரி கடிகாரம், அது பிசகவில்லை. மூடிப்போன அனல் மின்நிலையத்தில் வேலை பார்த்தவர். நிலக்கரிப் புகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் கட்டணம் வைத்த பிறகு கட்டுப்படியாகாமல் அதை நிறுத்திவிட்டார்கள். அதன் புகைபோக்கி மட்டும் இன்னும் ஊர் மேல் சும்மா நிற்கிறது.

“அடுப்பைப் பாத்துட்டுத்தானே கிளம்புறீங்க?” என்றார், இரண்டாம் நாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஊரே லேட்டா வருதே! எங்க அக்கா பூசைக்கு லேட்டாப் போனா. பாதிரியாரும் லேட்டா வந்ததால தப்பிச்சா.”

“கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

“கெடல. உங்க அடுப்பும் லிஸ்பன்ல இருக்கிற அடுப்பும் ஒரே கம்பி. இருபத்தஞ்சு நாடு. தென்கிழக்கு மூலையில ரெண்டு நாட்டுக்குள்ள சண்டை, போட வேண்டிய கரண்டைப் போடல. மொத்தக் கம்பிக்கும் துடிப்பு குறைஞ்சிடுச்சு. அந்தத் துடிப்பை எண்ணித்தான் உங்க கடிகாரம் ஓடுது.”

“குறைஞ்ச கரண்டை யாரு போடுறது?”

“அதுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க. எங்க நிலையம் இருந்திருந்தா நானே ரெண்டு கரண்டி நிலக்கரி போட்டிருப்பேன். அதையும் வேண்டாம்னுட்டாங்க. என் இருமல் நின்னுச்சுங்கறதையும் சொல்லணும்ல?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று மாலையே கடிகாரத்தைத் திருத்தி வைத்திருக்கலாம். பொத்தான் வரைக்கும் விரல் போனது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டாள்.

கிரெகோர்தான் முணுமுணுத்தான். “மிலோய்கா மேடம், லுப்லியானாவுக்குப் போறவன் பேப்பர் வாங்காமலே ரயில் ஏறிட்டான். இன்னிக்கும் அடுப்புதானா?”

“ஐரோப்பாவே லேட்டு, கிரெகோர். நான் என்னப்பா பண்றது?”

சாக்கு என்றால் இதுவல்லவா சாக்கு! ஒரு கண்டமே அவள் பின்னால் நின்றது.

மார்ச் மாதம், அவள் விற்கிற பத்திரிகையிலேயே செய்தி வந்தது. மின்சாரத்தின் துடிப்பைக் கொஞ்சம் கூட்டப் போகிறார்களாம், கடிகாரங்கள் தாமாகவே சரியாகிவிடுமாம், யாரும் தொட வேண்டாமாம். கிரெகோர் அதைச் சத்தமாகப் படித்தான். “இதுக்கப்புறம் சாக்கு கிடையாது. அப்பவும் லேட்டுன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

எங்கோ யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து தன் காலை நேரத்தை வெட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமா, அப்படியேதான் நடந்தது. முதலில் பாலத்தின் நடுவில் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் முக்கால் பாலம் போனபின் அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். அப்புறம் பனியில் ஆட்டிய ஒரு கை, அப்புறம் காலடிச் சத்தம் போல ஏதோ ஒன்று. ஏப்ரலில் பனி விலகி ஆறு பச்சையாகத் தெரிந்தபோது பாலத்தில் யாருமில்லை.

நின்று காத்திருக்க வேண்டியதுதானே என்பீர்கள். தாமதமாக வருவது வேறு, காத்திருப்பது வேறு. சின்ன ஊர் அது. பாலத்தில் ஒருத்தி சும்மா நின்றால், அவள் யாருக்காக நிற்கிறாள் என்று ரொட்டிக்கடைவரை தெரிந்துவிடும். ஒருமுறை ஒருவனுக்காக வாசலில் நின்று பார்த்தவள் அவள், கால் வலித்ததுதான் மிச்சம். அதோடு, வேலை போனால் இன்னொரு வேலை அந்த ஊரில் இல்லை.

இரண்டு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை பாலத்தின் நடுவுக்கு வந்ததும் அவள் கால்கள் நின்றுவிட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சரக்கு ரயில் போயிற்று. கடையைத் திறக்க வேண்டிய நேரமும் போயிற்று.

ராய்கோ பையோடு வந்தார். அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

“என்ன, இன்னும் உங்க கடிகாரம் சரியாகலையா?”

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

“சரியாயிடுச்சு,” என்றாள். “ரொம்ப நாளாச்சு.”

அவருக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“கடைக்கு நேரமாயிருக்குமே? கிரெகோர் சும்மா விடுவானா?”

“விடமாட்டான்.”

“அட, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு வேலையா, வெட்டியா? ஆறு நிமிஷம் முன்னாடி கிளம்பியிருப்பேனே.”

லுப்லியானாவுக்குப் போகும் ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை, அவரோடு சேர்ந்தே நடந்தாள்.