முடிஞ்ச மாதிரிதான்

ஆபீசில் அவளுக்குப் பச்சையம்மா என்று பட்டப்பேர். ஐந்து குழு, அறுபது பேர். அவர்களுக்குள் பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு, முடிந்த வேலைக்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு என்று அட்டவணையில் நிறம் போடுவது அவள் பொறுப்பு. பதினோரு வருஷமாக இதே ஓட்டம்தான். அவள் அட்டவணை எப்போதும் பச்சைப்பசேல் என்றிருக்கும். பேர் வந்த கதை அதுதான்.

இந்த முறை குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு மென்பொருள். குழந்தையின் எடையைத் தட்டினால் மருந்தின் அளவைச் சொல்லும். திங்கட்கிழமை வார்டுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை காலை, கடைசிக் கூட்டத்துக்கு அரை மணி முன்னால், காபி மெஷின் பக்கத்தில் சோதனைக் குழுத் தலைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

“எடையைத் தப்பாத் தட்டினா தடுக்குதில்ல?”

“அதை நாங்க பாக்கலையே. பச்சை போட்டிருந்துச்சு, மருந்துக் குழுவே பாத்துட்டாங்கன்னு விட்டுட்டோம்.”

மருந்துக் குழுத் தலைவனிடம் ஓடினாள்.

“முடிஞ்ச மாதிரிதான்னு சொன்னேனே அக்கா. தடுக்கிற பகுதியை எழுதியாச்சு, இன்னும் மென்பொருள்ல சேக்கல. இப்போதைக்குத் தப்பாத் தட்டினா பத்து மடங்கு மருந்தைக்கூடக் காட்டும்.”

சொல்லித்தான் இருந்தான், பாவி. அந்த ‘மாதிரி’யை விழுங்கியது அவள்தான். அவளை மட்டும் சொல்வானேன், அந்த ஆபீசில் யார் அந்த வார்த்தையைக் காதில் வாங்கினார்கள்?

நேரே மேலாளர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார். “தேதி சொல்லியாச்சும்மா. இப்பப் போய்ச் சிவப்புன்னா முதல்ல உருள்றது உங்க தலைதான். பச்சையாவே இருக்கட்டும். அடுத்த வாரம் சத்தமில்லாம சரிபண்ணிக்கலாம்.”

வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். பயந்தாள். பொய் சொல்வானேன், நன்றாகவே பயந்தாள்.

கூட்டத்தில் அட்டவணை திரையில் விரிந்ததும், எல்லார் முன்னாலும் அந்தக் கட்டத்தைச் சிவப்பாக்கினாள்.

“திங்கட்கிழமை இது போகக் கூடாது. குழந்தைங்க உயிர் விஷயம். தப்பு என்னோடது.”

மேலாளர் அவள் பக்கமே திரும்பவில்லை. கடைசியில், எட்டு வருஷமாக அவளிடம் “ஆச்சும்மா, ஆச்சு” என்று சொல்லி வந்த வார்டுக் குழுப் பெரியவர் தொண்டையைச் செருமினார்.

“எங்க கட்டத்தையும் மாத்திடும்மா.”

அவர் வாயை மூடுவதற்குள் இன்னொரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று.

அவள் மாற்றிக்கொண்டே வந்தாள். இந்தப் பதினோரு வருஷத்தில் இதே பச்சையோடு வெளியே போய், இப்போது எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கும் மற்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.