மால்சுன் வீட்டுக்கு வந்த மேஜு

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் மால்சுனும் நானும் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒருமுறை கொதிநீர்க் குழாய் வெடித்து நாங்களெல்லாம் அலறி ஓடியபோது, அவள் மட்டும் நின்று வால்வைத் திருகி மூடினாள். அப்பேர்ப்பட்டவள், தெருவில் ஒரு நாய்க்குட்டி எதிரே வந்தால் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுவாள். சிறுவயதில் கடிபட்ட கெண்டைக்கால் இன்னும் குழிவிழுந்து கிடக்கிறது.

போன வசந்தத்தில் அவளுடைய அக்கா கப்சுன் பக்கவாதத்தில் விழுந்தாள். முற்றத்தில் சங்கிலியிலேயே வளர்ந்த அவளுடைய பழுப்பு நாயை எடுத்துக்கொள்ள ஆளில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கோணிய வாயால் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த நாயின் பெயரைத்தான்: "மேஜு... மேஜு..."

"சரிக்கா, நான் பாத்துக்கறேன்" என்று மால்சுன் சொல்லிவிட்டாள்.

இரண்டாம் மாடியில் இரண்டே அறை. வயதுவந்த நாய்க்கு வீடு என்றால் என்னவென்றே தெரியவில்லை. குளிர்பெட்டிக்குப் பின்னால், அரிசிப் பானையோரம், அவள் மெத்தைமேல் என்று நினைத்த இடத்திலெல்லாம் பெய்தது. அவள் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, நீளக் கழியில் துணி கட்டித் துடைத்தாள். வேலை முடிந்து வந்து கதவில் சாவி போடும்போது உள்ளே நகங்கள் தரையில் கீறும் சத்தம் கேட்கும். சில நாள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மறித்தார். "ஏம்மா, மேல என்ன வளக்கறே? கூரை வழியா நாத்தம் இறங்குது!"

அன்று பொறுக்க முடியாமல் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு நுழைந்தாள். மேஜு பாயவில்லை. தரையோடு தரையாக ஒட்டிப் படுத்து, உடம்பெல்லாம் நடுங்கி, படுத்தபடியே நனைத்துக்கொண்டது. விளக்குமாறு அவள் கையிலிருந்து நழுவியது. செத்துப்போன அத்தான் அதை எதைக்கொண்டு அடித்துப் பழக்கியிருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் தோக்கோ எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்குள்ள மூத்திரம் போனா திட்டாதீங்க, வினிகர் தண்ணில துடைச்சிருங்க. எந்திரிச்சதும், சாப்ட்டதும் வெளிய கூட்டிட்டுப் போங்க. வெளிய மூத்திரம் போன உடனே ஒரு துண்டு கருவாடு குடுங்க."

"வெளிய போணும்னா கழுத்துல வார் மாட்டணுமே டாக்டர்..."

"ஆமா, மாட்டணும்."

அந்த வார் அவளை மிரட்டியது. பல்லுக்கு அத்தனை பக்கத்தில் கையைக் கொண்டுபோக வேண்டும். காலையில் எடுப்பாள், கிட்டே போவாள், மேஜு தலையைத் தூக்கியதும் வாரைக் கீழே போட்டுவிடுவாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மேஜு அறைவாசலில் நின்று அவளையே முறைத்து, தொண்டைக்குள் உறுமியது. அவள் குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். "அக்கா, கதவைப் பிறாண்டுதுக்கா! என்னைக் கொல்லப்போகுது!"

"வேற சத்தம் ஏதாச்சும் கேக்குதா?"

நான் கேட்டபோது பிறாண்டல் நின்றிருந்தது. வாசல்பக்கம் மெல்லிய முனகல் கேட்பதாகச் சொன்னாள்.

"அது வெளிய போகணும்னு கெஞ்சுதுடி, அடக்கிக்கிட்டு நிக்குது. போ!"

கதவைத் திறந்தாளாம். மேஜு வாசற்கதவில் மூக்கை வைத்து, பின்னங்கால்களை இடுக்கிக்கொண்டு நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். சூடான மயிர் விரலில் பட்டது. கொக்கியை மாட்டும்வரை அவளும் மூச்சுவிடவில்லை, அதுவும் அசையவில்லை. கீழே ஓடி, தெருவோர மரத்தடியில் அது காலைத் தூக்கியபோது, மால்சுன் கருவாட்டை நீட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கப்சுன் இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். நாயை அவர்கள் வேண்டாமென்றார்கள். மால்சுனும் தருவதாகச் சொல்லவில்லை. இடி இடித்தால் மேஜு இன்னும் மெத்தையை நனைக்கிறது. அவள் வினிகர் தண்ணீரில் துடைத்து, உறையை உருவிச் சலவைக்கூடத்துக்கு எடுத்து வருகிறாள். வார் மாட்டும்போது மட்டும் இன்னும் கண்ணை மூடிக்கொள்கிறாள்.