குழாயைக் கழற்றிக் கேட்டால்

பாட்டுப் பெட்டி பழுது பார்க்கிறவனிடம் யாரும் நல்ல பாட்டைக் கொண்டு வருவதில்லை. கடிகாரமோ ஹார்மோனியமோ பழுது பார்த்து வயிறு வளர்க்கிறவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். ஐரோப்பாவில் யுத்தம் நடந்த வருஷங்களில், திருநெல்வேலி டவுன் கீழ ரத வீதியில் கிராமபோனுக்கென்று கடை போட்டிருந்தேன். எனக்கு ஒரு கொள்கை இருந்தது. பெட்டி எதுவானாலும் முதலில் சத்தம் வெளிவருகிற, ஊமத்தம்பூ மாதிரி விரிந்த குழாயைக் கழற்றிவிட்டுத்தான் பாட்டுப் பிளேட்டை ஓடவிடுவேன். ஊசிக்கு மேலே வட்டமாக ஒரு தலை இருக்கிறதல்லவா, அதற்குள் மைக்கா என்கிற காக்காப்பொன் தகடு ஒன்றை ரப்பர் வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டு பிறப்பது அங்கேதான். குழாய் இல்லாவிட்டால் அது கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். அந்தக் கொசு ஒழுங்காகப் பாடினால் பெட்டி நல்ல பெட்டி. குழாய் அதைப் பெரிதாக்குமே தவிரத் திருத்தாது. இதை நான் சொல்லாத ஆள் இல்லை, காதில் வாங்கிய ஆளும் இல்லை.

மூன்றாவது குழாய்

பாளையங்கோட்டை வக்கீல் பிள்ளை ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக வந்து, இன்னும் பெரிய குழாய் வேண்டும் என்றார். அவர் மனைவிக்குக் காதில் சீழ் கோத்துக் காது கேட்காமல் போய்விட்டது. வாய்ப்பாட்டு முறையாகக் கற்றவர் அந்த அம்மாள். வீட்டுக்குக் கிராமபோன் வந்ததே அவருக்காகத்தான். இப்போது மற்றவர்கள் கேட்கும்போது அவரும் வந்து உட்கார்ந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய்விடுவாராம். வைத்தியர்கள் கைவிட்டபின் வக்கீலுக்கு மிஞ்சியது குழாய்தான்.

சென்னப்பட்டணத்திலிருந்து தருவித்த குழாய் வண்டிக்குள் நுழையவில்லை. கூரைமேல் கட்டினோம். ஆற்றுப் பாலத்தில் காற்று புகுந்து அது சங்கு மாதிரி ஊத, எதிரே வந்தவர்கள் யார் வீட்டில் துஷ்டி, செத்தது யார் என்று வண்டிக்காரனிடம் விசாரித்தார்கள். குழாயை மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்; பெட்டியில் வேறெதையும் தொடவில்லை. எவ்வளவு பெரிய குழாயாலும் பயன் இருக்காது என்று புறப்படும்போதே சொல்லிப் பார்த்தேன். அதற்கு வக்கீல் சொன்ன பதில்: "நீரு குழாயைக் கொடும் வே, காதை நான் பாத்துக்கிடுதேன்."

மரக்கடைக்காரர் தீர்ப்பு

பேட்டையில் மரக்கடை வைத்திருந்த ராவுத்தர், பெட்டி வாங்க வந்தால் பாட்டே கேட்க மாட்டார். விரலை மடக்கிப் பக்கப் பலகையைத் தட்டுவார். தேக்கு என்றால் தலையசைப்பார். பாட்டு தகட்டில் பிறக்கிறது, பலகையில் இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். பேச்சு முற்றி, ஒரு பெட்டியின் உள்ளுறுப்புகளைக் கழற்றி, சாமான் வந்த கள்ளிப்பெட்டியில் பூட்டினேன். குழாயோடு கேட்டதில் தேக்குக்கும் கள்ளிப்பெட்டிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் குழாயைக் கழற்றியும் ஓட்டிக் காட்டினேன். கள்ளிப்பெட்டியில் பாட்டு தகரத்தைத் தட்டின மாதிரி இருந்தது. தேக்கில் உருண்டு வந்தது. என் கொள்கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. ராவுத்தர் நிதானமாக எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "மரமும் பாடுது வே. நீரு கேட்டாத்தான?"

தேரன்று

அன்றிலிருந்து பலகையையும் கவனிக்கத் தொடங்கினேன். ஆனித் தேர் அன்று கடை வாசலில் மேளமும் கூட்டமும். கொசுப் பாட்டு எங்கே கேட்கும்? இரண்டு கையும் வேலையாக இருந்ததால் திருப்புளியைப் பல்லில் கவ்வியிருந்தேன். குனிந்தபோது அதன் நுனி, குழாயில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் பலகையில் பட்டது. மண்டைக்குள்ளே பாட்டு! மேளத்தைத் தாண்டி, காதின் தயவில்லாமல், பல் வழியாக வந்தது. திருப்புளியை எடுத்தால் நிற்கிறது, வைத்தால் பாடுகிறது. எனக்கு உடனே வக்கீல் வீட்டு அம்மாள் ஞாபகம் வந்தது. மறுபடி மறுபடி கவ்விப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்துக்கு ஒதுங்கி ராவுத்தர் உள்ளே வந்தார். அது ரமலான் மாதம். என்னைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நோம்பு பிடிச்சிருக்கது நான். பெட்டியைக் கடிக்கது நீரா வே?"

அகப்பைக் காம்பு

மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போனேன். குழாயைக் கழற்றியதுமே வக்கீலுக்கு முகம் மாறியது. விஷயத்தைச் சொல்லித் திருப்புளியை நீட்டியதும் எழுந்தேவிட்டார். "நீரு கடிச்ச இரும்பையா வே எங்க வீட்டுப் பொம்பளை வாயில வைக்கது?" எச்சில் விஷயத்தில் நியாயம் அவர் பக்கம் இருந்ததால் நான் வாதாடவில்லை. பல்லையும் பலகையையும் நான் தொட்டுக் காட்டியதைப் பார்த்தே புரிந்துகொண்ட அம்மாள் அடுக்களைக்குப் போய், இன்னும் குழம்பில் படாத புது அகப்பை ஒன்றிலிருந்து சிரட்டையை உருவிப் போட்டுவிட்டு, வெறும் காம்போடு வந்தார். அவரும் கழற்றுகிற கட்சிதான்.

காம்பின் ஒரு நுனியைப் பல்லில் கவ்வி, மறு நுனியைப் பலகையில் ஊன்றினார். ஊசியை வைத்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆசை காட்டி மோசம் செய்துவிட்டோமே என்று ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன். பல்லவி திரும்பி வந்தபோது அவருடைய வலது கை தொடையில் இறங்கித் தாளம் போட ஆரம்பித்தது. ஒரு அடிகூடப் பிசகவில்லை. வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது; நான் மறைக்கவில்லை.

பிளேட் முடிந்தது. அம்மாள் காம்பை வாயிலிருந்து எடுத்து, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், தெருவுக்கே தெரியும்படி சொன்னார்: "பாட்டுக்காரி மூக்கால பாடுதா! இதைக் கேக்க முடியலையேன்னா நான் ஒரு வருஷமா அழுதேன்?"

பிறகு அந்த வட்டத் தலையைப் பிரித்துப் பார்த்தால், தகட்டைப் பிடிக்கிற ரப்பர் வளையம் கல்லாய்க் காய்ந்து கிடந்தது; பாட்டுக்காரியை மூக்கால் பாடவைத்தது அதுதான். மூன்று குழாய் மாட்டிக் கேட்ட நல்ல காதுகளில் ஒன்றுகூட அதைக் கண்டுபிடிக்கவில்லை, குழாயை மாட்டினவனுடையது உட்பட.