சிதம்பரத்திலிருந்து ஆறு இலக்கம்

இதை வாசிக்கும் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சாட்சியாக நின்றால் போதும். தீர்ப்புகளை நான் மேடைகளில் நிறையக் கேட்டுவிட்டேன். பெரும்பாலானவை எனக்குச் சாதகமாகவே வந்தன. அப்படிச் சாதகமாக வந்த இன்னொன்று, மேடையே இல்லாத ஓர் அலுவலக அறையில் வந்தது.

ஆண்டு 2010. கடலூரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. சிதம்பரத்தில் அந்நிலையத்துக்கு ஒரு கிளை இருந்தது. வார நாட்களில் கணினி, ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டிமன்றம். எதிரணி வீசும் சொல்லை அந்தரத்திலேயே பிடித்துத் திருப்பி எறியப் பழகியவன் நான். கல்லூரிக் காலத்துக் கேடயங்களை வைக்க வீட்டில் இடமில்லை என்பதை, யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன்.

அந்த ஆண்டு இரண்டு ஊர் அலுவலகங்களுக்கும் இன்டர்நெட் போன் வந்தது. சர்வர் கடலூரில் இருக்கும். இரண்டு ஊர் மேசைகளிலும் உள்ள போன்கள் இணையத்தின் வழியே அதனோடு சேர்ந்திருக்கும். அந்தந்த ஊரில் இருந்த பழைய தொலைபேசி இணைப்புகளும் தொடரும். ஒருவர் எண்ணை அழுத்தியதும் அந்த அழைப்பு எந்த இணைப்பின் வழியே வெளியே போக வேண்டும் என்பதை நான் வரிவரியாக சர்வருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று இலக்கம் என்றால் அலுவலகத்துக்குள்ளே. பத்து இலக்கம் என்றால் செல்போன். பூஜ்யத்தில் தொடங்கும் எஸ்.டி.டி. கோடு போட்டால் வெளியூர். ஆறு இலக்கம் என்றால் உள்ளூர்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. மூன்று வாரம் நான் அதில் தேய்ந்தேன். ஒரு வரியைத் திருத்தினால் இன்னொன்று கெட்டது. கடலூரில் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தால் சிதம்பரத்தில் போன் ஊமையாகும். பேருந்து ஏறினால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். "பழைய போனே நல்லாத்தான இருந்துது, இத யாரு கேட்டா?" என்று எந்த மேசைக்குப் போனாலும் கேட்டார்கள். கடைசியில் எல்லாம் ஓடத் தொடங்கியபோது மகிழ்ச்சி வரவில்லை. விட்டால் போதும் என்றிருந்தது.

சிதம்பரம் கிளையின் வரவேற்பு மேசையில் ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குடும்பத்தில் மேசை முன் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். அலுவலகமே என்னை 'சார்' என்றபோது அவர் மட்டும் 'தம்பி' என்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. ரிப்போர்ட் தயாரானதும் உரியவரை போனில் அழைத்துச் சொல்வது அவருடைய வேலை.

புதிய போன் வந்த மறுமாதம் புகார்கள் குவிந்தன. ரிப்போர்ட் வந்து நான்கு நாளாகியும் யாரும் கூப்பிடவில்லை என்று சிதம்பரத்துக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். மேலாளர் அந்த அக்காவைக் கடலூருக்கு வரவழைத்து, எங்கள் எல்லோரையும் தம் அறையில் கூட்டினார்.

"போட்டேன் சார். வேற யாரோ எடுக்கறாங்க. ராங் நம்பர்னு திட்டிட்டு வச்சிடறாங்க," என்றார் அக்கா.

"எல்லா நம்பருமாம்மா ராங் நம்பரு?"

"செல்லுக்குப் போட்டா போவுது சார். வூட்டு போனுக்குப் போட்டாத்தான் இப்படி ஆவுது."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். "என்னா பேச்சாளரே, மெஷின் என்னா சொல்லுது?"

"மைக்கு கொண்டாரட்டுமா மச்சான்?" என்றார் லேப் டெக்னீஷியன். அறை சிரித்தது.

நான் எழுந்து நின்றேன். எழச் சொன்னவர் யாருமில்லை. சர்வரின் பதிவுகளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். "இதோ பாருங்கள். அழைப்பு போயிருக்கிறது, எதிர்முனையில் எடுத்திருக்கிறார்கள். பேசிய நேரம் ஒன்பது வினாடி. அடுத்தது ஏழு வினாடி. ஏழு வினாடியில் ஒரு நோயாளிக்கு என்ன சொல்ல முடியும்? போனை வைக்கத்தான் முடியும்!" குரலைத் தாழ்த்தினேன், முத்தாய்ப்புக்கு முன் தாழ்த்த வேண்டும் என்பது பயிற்சி. "கருவியின் மீது ஐயமா? அதைப் பொருத்திய அன்று, இந்த அக்காவின் மேசையிலிருந்தே என் வீட்டின் ஆறு இலக்க எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியில் என் தாயார் எடுத்தார். கருவி தன் கடமையைச் செய்கிறது. செய்யாதவர் யார் என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்."

டெக்னீஷியன் மேசையைத் தட்டினார். மேலாளர் டைரியை மூடினார். "இந்த மாசத்தோட நின்னுக்கம்மா. வேற ஆள் பாத்துக்கறோம்."

அக்கா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, உங்க வூடு கடலூர்லதான? எங்க ஊர்லேந்து போட்டீங்களே, கடலூர் எஸ்.டி.டி. கோடு போட்டீங்களா?"

போடவில்லை. அந்த நொடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சிதம்பரத்தில் உட்கார்ந்து வெறும் ஆறு இலக்கத்தை அழுத்தினால் சிதம்பரத்து வீடுதான் கிடைக்க வேண்டும். கடலூரில் என் தாயார் எடுத்திருக்கவே கூடாது. ஆறு இலக்கம் எந்த ஊரிலிருந்து வந்தாலும் கடலூர் இணைப்பின் வழியே போகும்படி நான்தான் எழுதியிருந்தேன். அக்கா அழைத்த சிதம்பரத்து எண்களெல்லாம், கடலூரில் அதே எண் கொண்ட யாரோ ஒருவர் வீட்டில் ஒலித்திருக்கின்றன. நான் வெற்றி என்று எண்ணிய அந்தச் சோதனைதான் பிழைக்கு முழு ஆதாரம்.

ஆனால் என் வாய் பழகிய வழியில் போனது. "இங்கே விசாரணை உங்கள் மேசையைப் பற்றியது அக்கா, என் வீட்டைப் பற்றியது அல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் வென்றேன்.

இருக்கைக்குத் திரும்பியதும் சர்வரைத் திறந்து, சிதம்பரத்து ஆறு இலக்கம் சிதம்பரத்து இணைப்பிலேயே போகும்படி ஒரு வரி சேர்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாளிலிருந்து புகார் இல்லை. வார இறுதியில் மேலாளர் என்னிடம் சொன்னார்: "பாத்தியா, பயம் வந்ததும் அந்தம்மா ஒழுங்கா கூப்புடுது. இருந்தாலும் ஆள மாத்திடுவோம்."

நான் திருத்தியதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வடலூரில் பேசினேன். கைதட்டினார்கள். எந்த அணியில் பேசினேன் என்பதுகூட இன்று நினைவில்லை. பேசி முடித்து நாற்காலியில் உட்கார்ந்தபோது மூட்டை இறக்கியவன்போல் களைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை மேலாளர் அறைக்குப் போனேன். "தப்பு என்னுது சார். சிதம்பரத்துப் போனெல்லாம் கடலூர்ல அடிச்சிருக்கு. நான் எழுதுனது தப்பு."

"எப்ப தெரிஞ்சிது?"

"அவுங்க கேட்டப்பவே."

மேலாளர் டைரியைத் திறந்தார். "அந்தம்மா வேலையில இருக்கட்டும். போய் நீயே சொல்லு. உன்ன என்னா பண்றதுன்னு அப்பறம் பாக்கறேன்."

சிதம்பரம் கிளையில் ஏழெட்டுப் பேர், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். அக்கா குப்பிகளில் ஒட்டும் சீட்டுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவர்கள் காதுபடவே நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

"வேலை இருக்குன்னு மேனேஜர் காலையிலயே போன்ல சொல்லிட்டாரு," என்றார். பிறகு பேனாவை வைத்தார். "நான் கேட்டனே, அப்பவே தெரிஞ்சிபோச்சா உங்களுக்கு?"

"தெரிஞ்சிது அக்கா."

"அப்பறம் ஏன் தம்பி அத்தினி பேரையும் சிரிக்க வச்சீங்க?"

பஞ்சு பிடித்திருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நாளைக்கு அதே ரூம்ல, அன்னைக்கு சிரிச்சவங்க அத்தன பேரையும் வச்சிக்கிட்டு, நான் சொன்னது பொய்னு சொல்றேன் அக்கா. இனிமே நான் வச்ச போன்ல கோளாறுன்னு யார் சொன்னாலும், அவுங்க மேசையில உக்காந்து, அவுங்க போட்ட நம்பரையே போட்டுப் பாக்காம ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்."